ஸ்லீவா, பைபாஸா? எதுக்களிப்பு உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

உடல் எடைக்காக ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கியதுமே ஆளாளுக்கு ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள். "ஸ்லீவ்னா சின்ன ஆபரேஷன், பைபாஸ் பெருசு. பேசாம ஸ்லீவே பண்ணிக்கோ" என்பார் ஒருவர். "வெயிட் குறைஞ்சா இந்த நெஞ்செரிச்சலும் தானா போயிடும்" என்பார் இன்னொருவர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஏற்கெனவே எதுக்களிப்பால் அவதிப்படும் ஒருவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது தவறான வழிகாட்டல். எடை நன்றாகக் குறைந்தும் நெஞ்செரிச்சல் போகாமல், சிலருக்கு முன்பைவிட மோசமாகவும் ஆகிவிடுகிற ஆபரேஷன் என்று பெயர் வாங்கியிருப்பதே அந்த ஸ்லீவ்தான்.

ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். ஒரு சுருக்குப்பை, ஒரு முறுக்கு அச்சு, ஒரு கவட்டைக் குச்சி, இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன் இரண்டு குழப்பங்களைக் கழித்துவிடலாம். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் (டாக்டர்கள் பேரியாட்ரிக் சர்ஜரி என்பார்கள்) கொழுப்பை உறிஞ்சி எடுப்பதில்லை. அது லைப்போசக்‌ஷன், வேறு சமாசாரம். இங்கே வேலை நடப்பது இரைப்பையிலும் குடலிலும்தான். தொப்பைக் கொழுப்பை யாரும் தொடுவதில்லை. அடுத்து, பைபாஸ் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதய பைபாஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எதுக்களிப்பு என்றால் எது?

மேல்வயிற்றில் என்ன நடந்தாலும் நாம் 'கேஸ்' என்று சொல்லிவிடுகிறோம். உப்புசமும் கேஸ், ஏப்பமும் கேஸ், நெஞ்சு எரிந்தாலும் கேஸ். கொஞ்சம் நாள்பட்டுவிட்டால் 'அல்சர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிடுவோம். இவை வேறு வேறு விஷயங்கள். அல்சர் என்பது இரைப்பையின் அல்லது சிறுகுடலின் தொடக்கப் பகுதியின் உட்சுவரில் விழும் புண். உப்புசம் என்பது வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டது போன்ற உணர்வு. எதுக்களிப்பு என்பது இரைப்பைக்குள் இருக்க வேண்டியது உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவது. கைக்குழந்தை பால் குடித்துவிட்டுக் கடைவாயில் கொஞ்சம் வழியவிடுமே, "பிள்ளை எதுக்களிக்குது" என்று பாட்டிகள் சொல்வார்களே, அதேதான். பெரியவர்களுக்குப் பாலுக்குப் பதில் அமிலம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது எப்போதாவது எல்லோருக்கும் வரும். ராத்திரி பத்தரைக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் படுத்தால் வராமல் என்ன செய்யும்? அதற்குப் பெயர் நோய் இல்லை. அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தாலோ, உணவுக்குழாயைப் புண்ணாக்கினாலோதான் அது அமில எதுக்களிப்பு நோய். ரிப்போர்ட்டில் ஜி.இ.ஆர்.டி. என்று எழுதியிருப்பார்கள். நெஞ்சு நடுவில் எரிச்சல், தொண்டை வரை வரும் புளித்த நீர் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். படுத்தால் வரும் இருமலும், காலையில் கம்மிக் கிடக்கும் குரலும்கூட இதன் வேலையாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

(இடையில் ஒன்று. நெஞ்சு வலி இறுக்கிப் பிடிப்பது போல வந்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், கூடவே வியர்த்தால், 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.)

சுருக்குப்பையின் வாய்

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. கழுத்திலிருந்து நெஞ்சு வழியாக இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தட்டியில் உள்ள ஓட்டை வழியே நுழைந்து, இரைப்பையில் சேர்கிறது. அந்தத் தட்டிக்குப் பெயர் உதரவிதானம்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் எலுமிச்சைச் சாற்றுக்குச் சளைத்ததல்ல. பல நேரம் அதைவிடவும் கடுமையானது. இரைப்பையின் உட்சுவர் கோழை பூசிக்கொண்டு அதைத் தாங்கும். உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு இல்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல கதவு வேண்டும்.

பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், தளர்த்தினால் திறக்கும். உணவுக்குழாயின் கீழ் முனையில் அதே மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது தளர்ந்து வழிவிடும், மற்ற நேரத்தில் இறுகியிருக்கும். இதைக் கீழ்ச் சுருக்குத்தசை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சுருக்கு மட்டுமே காவல் என்றால் தாங்காது. அதே இடத்தில் உதரவிதானத்தின் தசைப் பட்டைகள் வெளியிலிருந்து இரண்டாவது பிடியாகப் பிடித்திருக்கின்றன. இருமும்போதும் குனியும்போதும் இந்தப் பிடி இறுகுகிறது. மூன்றாவதாக, உணவுக்குழாய் இரைப்பையின் உச்சியில் நேராகச் செருகியிருக்கவில்லை, பக்கவாட்டில் சாய்வாகச் சேர்கிறது. சேரும் இடத்துக்கு இடப்பக்கத்தில் இரைப்பை ஒரு குவிமாடம்போல மேலே எழும்பியிருக்கும். அதை இரைப்பையின் மேல்மாடம் என்போம். சாப்பாடு இறங்கியதும் இந்த மாடம் உப்பி, பக்கத்தில் இருக்கும் வாயைச் சாய்த்து அமுக்கிவிடும். பை நிறைய நிறைய அதன் வாயே மூடிக்கொள்ளும்படியான ஏற்பாடு. இந்த மேல்மாடத்தை நினைவில் வையுங்கள், கதையில் மறுபடி வரும்.

தொப்பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

கட்டி வைத்த சுருக்குப்பையின் மேல் ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கயிறு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் உள்ளே இருப்பது வாய் வழியே பிதுங்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இருபத்துநாலு மணி நேரமும் இப்படித்தான் இரைப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எதுக்களிப்பு அதிகம் வர முக்கியக் காரணம் இந்த அழுத்தம்.

அழுத்தம் வருடக்கணக்கில் நீடித்தால் உதரவிதான ஓட்டை அகன்று, இரைப்பையின் மேல் முனை நெஞ்சுப் பக்கம் நழுவி ஏறிவிடலாம். இதற்கு ஹயாட்டல் ஹெர்னியா என்று பெயர். அப்போது சுருக்கு ஓரிடத்தில், வெளிப்பிடி இன்னோரிடத்தில். இரண்டும் சேர்ந்து செய்த வேலையைத் தனித்தனியாகச் செய்ய முடியாமல் கதவு ஆட்டம் காணும்.

சரி, அப்படியென்றால் எடை குறைந்தால் அழுத்தம் குறையும், எதுக்களிப்பும் குறையுமே? குறையும். நடந்தோ, உணவைக் கட்டுப்படுத்தியோ எடையைக் குறைத்தவர்கள் பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. அவர்களுடைய இரைப்பை அதே பழைய இரைப்பைதான், மேலே இருந்த பாரம் மட்டும் இறங்கியிருக்கிறது. ஆபரேஷனில் பாரமும் இறங்கும், இரைப்பையின் வடிவமும் மாறும். அந்த மாற்றம் கதவுக்குச் சாதகமா பாதகமா என்பதைப் பொறுத்துத்தான் மிச்சக் கதை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அமிலம் மேலேறாமல் தடுப்பவை மூன்று. சுருக்குத்தசை, உதரவிதானத்தின் பிடி, மேல்மாடத்தின் சாய்வு. தொப்பையின் அழுத்தம் இந்த மூன்றுக்கும் எதிராக வேலை செய்கிறது.

ஸ்லீவ்: பை போய்க் குழாய் வந்தது

ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவாக வைத்துக்கொண்டு, லேப்ராஸ்கோபி முறையில் சின்னச் சின்னத் துளைகள் வழியே இரைப்பையை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டுகிறார்கள். 75 முதல் 80 சதவீத இரைப்பை வெளியே போய்விடும். வெட்டியதை மறுபடி ஒட்ட வழியில்லை. உள்ளே மிஞ்சுவது சட்டைக் கை மாதிரி ஒரு ஒல்லிக் குழாய். வயிறார உண்டால் ஒரு லிட்டரைத் தாண்டியும் விரிந்து கொடுக்கிற பை, ஒரு டம்ளருக்கும் குறைவாகக் கொள்கிற குழாயாகிவிடும்.

எடை குறைய இது மட்டும் காரணமில்லை. வெட்டி எடுக்கும் பகுதியில் மேல்மாடமும் அடக்கம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு அங்கேதான் சுரக்கிறது. மாடம் போனால் பசியும் மட்டுப்படும். குடலைத் தொடாத ஆபரேஷன், நேரமும் குறைவு. முதலில் இது தனி ஆபரேஷனே கிடையாது. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் ஒன்றின் முதல் கட்டமாகச் செய்யப்பட்டது. முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதிய எடை இறங்கியதால் தனி சிகிச்சையாக நிலைத்து, இன்று உலகில் மிக அதிகம் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையாகிவிட்டது.

இப்போது அடுப்படிக்குப் போவோம். முறுக்கு அச்சில் மாவு போட்டு அழுத்துகிறீர்கள். மாவு கெட்டியாக இருந்து கீழ்த் தட்டின் கண்கள் அடைத்துக்கொண்டால், அழுத்தும் கட்டையின் ஓரம் வழியாக மாவு மேலே பிதுங்கி வரும். பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதே மாவை அகலமான பாத்திரத்தில் வைத்து அழுத்தினால் அப்படி வராது, பக்கத்தில் பரவ இடம் இருக்கிறது.

ஸ்லீவ் செய்த இரைப்பை ஒரு முறுக்கு அச்சு. குழாய் ஒல்லி, சுவர் விறைப்பு, விரிந்து கொடுக்க இருந்த மேல்மாடம் போய்விட்டது. கீழே இரைப்பையின் கடைவாசலில் ஒரு தசை வளையம் அப்படியே இருக்கிறது. அது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு அனுப்பும், மற்ற நேரம் மூடியிருக்கும். ஒல்லிக் குழாய்க்குள் கொஞ்சம் சாப்பாடு விழுந்தாலே அழுத்தம் எகிறும். கீழ்க்கதவு மூடியிருந்தால் அந்த அழுத்தம் மேல்கதவைத்தான் இடிக்கும்.

மேல்கதவின் நிலைமையும் முன்போல இல்லை. மாடம் போனதால் அதன் சாய்வு தந்த அமுக்கம் போயிற்று. வெட்டு உணவுக்குழாய்க்கு மிக அருகில் வரை போய்விட்டால் சுருக்குத்தசைக்கு வலுவூட்டும் இழைகளும் சேதமாகலாம். குழாய் நடுவில் எங்காவது குறுகியோ முறுகியோ விட்டால் பாதி அடைத்த அச்சு கணக்குதான். முன்பே இருந்த ஹயாட்டல் ஹெர்னியாவைக் கவனிக்காமல் விட்டால், ஒல்லிக் குழாய் இன்னும் சுலபமாக நெஞ்சுக்குள் நழுவி ஏறும்.

ஸ்லீவ் செய்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. தொப்பையின் பாரம் இறங்குவது ஒரு பக்கம் நன்மை செய்கிறது, குழாய்க்குள் ஏறும் அழுத்தம் மறுபக்கம் கெடுதல் செய்கிறது. சிலருக்கு நன்மை ஜெயிக்கிறது, நெஞ்செரிச்சல் குறைகிறது. சிலருக்குக் கெடுதல் ஜெயிக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கதவு பழுதாக இருந்தவர்கள் இரண்டாவது பக்கம் சாயும் வாய்ப்பு அதிகம்.

பைபாஸ்: கவட்டை வடிவில் ஒரு திருப்பம்

பைபாஸில் இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு குட்டிப் பையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியில் மூன்று மூடி, அவ்வளவுதான் அளவு. மிச்ச இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. அது உள்ளேயே இருக்கும், ஆனால் அதற்குள் இனி சாப்பாடு போகாது. சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ் முனையை மேலே தூக்கிக் குட்டிப் பையோடு இணைக்கிறார்கள். சாப்பாடு அந்த வழியே இறங்கும். மேல் முனையில் மிச்ச இரைப்பையின் சுரப்பும், கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரும், கணையநீரும் வரும். அதை ஒன்று ஒன்றரை மீட்டர் கீழே சாப்பாட்டு வழியோடு சேர்த்துவிடுகிறார்கள்.

கவட்டைக் குச்சியைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒரு கிளையில் சாப்பாடு, இன்னொரு கிளையில் செரிமான நீர், இரண்டும் கூடும் இடத்துக்குக் கீழே காம்பு. இந்தக் கவட்டை இணைப்பை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரபலமாக்கியவர் செசார் ரூ என்ற சுவிஸ் அறுவை நிபுணர். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இருப்பதால் 'ரூ-என்-ஒய் பைபாஸ்' என்ற பெயர். எடைக்குறைப்புக்காக இரைப்பை பைபாஸைத் தொடங்கியது 1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன்.

எதுக்களிப்பின் கோணத்தில் பாருங்கள். குட்டிப் பையில் அமிலம் சுரக்கும் செல்கள் மிகக் குறைவு, ஆகவே மேலேற அமிலமே அதிகம் இல்லை. பைக்குக் கீழே கடைவாசல் தசை இல்லை. விழுவது நேரே குடலுக்குள் இறங்குவதால் அழுத்தம் கட்டிக்கொள்வதில்லை. பித்தநீர் மேலே வர வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு மேல் எதிர்நீச்சல் போட வேண்டும். இவற்றோடு எடையும் இறங்குகிறது. மூன்று நான்கு காரணங்களும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அதனால்தான் கடும் எதுக்களிப்பும் உடல் பருமனும் சேர்ந்து இருப்பவருக்கு, பைபாஸை எடைக்கான ஆபரேஷனாக மட்டும் பார்க்காமல் எதுக்களிப்புக்கான ஆபரேஷனாகவும் பார்க்கிறார்கள்.

சுருக்கமாக: ஸ்லீவ் அழுத்தம் கூடிய ஒல்லிக் குழாயைத் தருகிறது. பைபாஸ் அழுத்தமும் அமிலமும் குறைந்த குட்டிப் பையைத் தருகிறது.

ஆராய்ச்சிகள் சொல்வது

இது வெறும் முறுக்கு அச்சு தத்துவம் இல்லை. இரண்டு ஆபரேஷன்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் ஐரோப்பாவில் நடந்திருக்கின்றன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள்.

சுவிட்சர்லாந்தில் 217 பேரை வைத்து நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வெளியானது. எதுக்களிப்பு இருந்தவர்களில் பைபாஸ் செய்தவர்களுக்கு 60.4 சதவீதம் பேருக்கு அது நீங்கியது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு 25 சதவீதம். மோசமானவர்கள் எத்தனை பேர்? பைபாஸில் 6.3 சதவீதம், ஸ்லீவில் 31.8 சதவீதம். எடை குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஸ்லீவில் எல்லோருக்கும் கெடவில்லை, பைபாஸில் எல்லோருக்கும் குணமாகவில்லை என்பதையும் இந்த எண்களிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

ஃபின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022-இல் வந்தது. எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில், அமிலம் பட்டு உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். இதைப் படித்துவிட்டு ஸ்லீவ் செய்தவர்கள் பயந்துவிட வேண்டாம், அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அமிலம் வருடக்கணக்கில் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் குடலின் சுவர்போல மாறிவிடுவதுண்டு. அதற்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். அதிலிருந்து புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதால் டாக்டர்கள் அதைக் கவனமாகப் பார்ப்பார்கள். ஸ்லீவுக்குப் பிறகு இது மிக அதிகம் வரும் என்ற பயம் முன்பு பரவலாக இருந்தது. ஃபின்லாந்து ஆய்வில் இரண்டு பிரிவிலும் 4 சதவீதம்தான், வித்தியாசம் இல்லை.

"எனக்குத்தான் நெஞ்செரிச்சலே இல்லையே"

என் பார்வையில் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். டாக்டர் "நெஞ்செரிச்சல் உண்டா?" என்று கேட்கிறார், இவர் "இல்லை" என்கிறார், அத்தோடு விஷயம் முடிந்துபோகிறது. எரிச்சல் என்பது நம்பகமான சாட்சி கிடையாது. உணவுக்குழாயில் புண் இருந்தும் ஒன்றுமே உணராதவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க நெஞ்சு எரிகிறது என்பவரைச் சோதித்தால் அமிலம் மேலேறாமலும் இருக்கலாம்.

மாத்திரை குழப்பம் வேறு. காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோலோ ஒமிப்ரசோலோ போடுவது பல வீடுகளில் பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது. இந்த மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கும். கதவைப் பழுது பார்க்காது. நீர் மேலேறுவது தொடரும், அதில் அமிலம் குறைந்திருப்பதால் நமக்குத் தெரியாது. பத்து வருடமாக மாத்திரை போட்டுக்கொண்டு "எனக்கு எதுக்களிப்பு இல்லை" என்று சொல்பவர், "மாத்திரையை நிறுத்தினால் வரும்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்ஜனுக்கு அது முக்கியமான தகவல்.

எனவே கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வதே சரி. முதல் படி எண்டோஸ்கோபி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் நேரில் பார்ப்பது. புண் இருந்தால் ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள். ஏ லேசானது, டி கடுமையானது. ஹெர்னியா இருந்தால் அதுவும் தெரியும். ரிப்போர்ட்டில் சி, டி என்றோ பேரட் என்றோ இருந்தால், பல சர்ஜன்கள் ஸ்லீவை ஒதுக்கிவிட்டுப் பைபாஸ் பக்கம் போய்விடுவார்கள்.

எண்டோஸ்கோபியில் சந்தேகம் மிஞ்சினால் 24 மணி நேர அமிலச் சோதனை உண்டு. மூக்கு வழியாக ஒரு மெல்லிய வயரை உணவுக்குழாயில் வைத்து, ஒரு நாள் முழுக்க அமிலம் எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று கணக்கெடுப்பார்கள். நாளின் 6 சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எதுக்களிப்பு நோய் என்பது உறுதி. வயரை மூக்கில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் இருப்பது சங்கடம்தான். ஆனாலும், வாழ்நாள் முழுக்க மாற்ற முடியாத ஒரு முடிவுக்கு முன் ஒரு நாள் சங்கடம் பெரிதில்லை என்றே நினைக்கிறேன்.

லேசான ஹெர்னியா மட்டும் இருந்தால், ஸ்லீவ் செய்யும்போதே உதரவிதான ஓட்டையைத் தைத்துச் சரிசெய்வதுண்டு. உதவும், ஆனால் உத்தரவாதம் கிடையாது.

துண்டு இல்லாத கழுத்து

சரி, ஸ்லீவ் செய்துகொள்கிறேன், பின்னால் எதுக்களிப்பு வந்தால் அதற்குத் தனியாக ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பருமன் இல்லாதவர்களுக்கு எதுக்களிப்பு கடுமையானால் செய்யும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. இரைப்பையின் மேல்மாடத்தை எடுத்து உணவுக்குழாயின் கீழ் முனையைச் சுற்றி, குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றுவதுபோலச் சுற்றித் தைத்துவிடுவார்கள். ஃபண்டோப்ளிகேஷன் என்று பெயர். 1950-களில் ருடால்ஃப் நிசன் அறிமுகப்படுத்தியது.

ஸ்லீவில் வெட்டி வெளியே போனது எது? அதே மேல்மாடம். சுற்றத் துண்டு இல்லை. ஆகவே ஸ்லீவுக்குப் பின் மாத்திரைக்கு அடங்காத எதுக்களிப்பு வந்தால், பெரும்பாலும் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதுதான் வழி. நல்ல பலன் தரும் வழிதான். ஆனால் அது இரண்டாவது ஆபரேஷன், ஏற்கெனவே தழும்பேறிய இடத்தில். முதலில் 'சின்னது' என்று தேர்ந்தெடுத்தவர் கடைசியில் இரண்டையும் செய்துகொண்டவர் ஆகிறார்.

மினி பைபாஸ் பற்றி ஒரு வார்த்தை

இந்தியாவில் மினி பைபாஸும் நிறையச் செய்கிறார்கள். இதில் கவட்டை கிடையாது. இரைப்பையின் நீளமான ஒரு பையைச் சிறுகுடலோடு ஒரே இடத்தில் இணைத்துவிடுவார்கள். ஒரே இணைப்பு, வேலை சுலபம். ஆனால் பித்தநீர் ஓடும் வாய்க்கால் பையின் வாசல் வழியாகவே போகிறது. அமிலத்துக்குப் பதில் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு உண்டு. அமிலம் குறைக்கும் மாத்திரை அதற்கு எடுபடாது. கடும் எதுக்களிப்பு உள்ளவர், 'பைபாஸ்' என்று சொல்லப்படுவது எந்தப் பைபாஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் எல்லோருக்கும் பைபாஸா?

இல்லை. பைபாஸுக்கும் விலை உண்டு. இரும்புச்சத்து, பி12, கால்சியம் போன்றவை சரியாக உடலில் சேராது. வாழ்நாள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஸ்லீவுக்கும் சத்து மாத்திரை வேண்டும்தான், பைபாஸில் அக்கறை இன்னும் கூடுதலாகத் தேவை. இனிப்பைச் சற்று அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வரலாம். டம்பிங் என்பார்கள். இரண்டு துண்டு மைசூர்பாகு போதும், அன்றைய நாள் போச்சு. குடல் இணைப்புகளின் இடுக்கில் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் சிறிதளவு எப்போதும் இருக்கும்.

இணைப்பு வாசலில் புண் வருவது இன்னொன்று. புகைபிடிப்பவர்களுக்கும், ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மூட்டுவாதத்துக்காக வலி மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குப் பைபாஸ் சிக்கல். குரோன்ஸ் போன்ற குடல் நோய் உள்ளவர்கள், முன்பு பலமுறை வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் ஆகியோருக்கும் குடலைத் தொடாத ஸ்லீவே பொருத்தமாகப் படலாம்.

ஒதுக்கி வைத்த மிச்ச இரைப்பையும் யோசிக்க வேண்டிய விஷயம். வழக்கமான எண்டோஸ்கோபி அங்கே எட்டாது. இரைப்பைப் புற்றுநோய் அதிகம் உள்ள ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் இதனாலேயே பைபாஸ் என்றால் தயங்குகிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக, எதுக்களிப்பு இந்தத் தராசில் ஒரு கல். கனமான கல்தான், ஆனால் ஒரே கல் இல்லை. சர்க்கரை நோய், எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரைகள், பழைய ஆபரேஷன்கள் எல்லாம் கூடவே ஏறும்.

ஏற்கெனவே ஸ்லீவ் செய்தவர்களுக்கு

முதல் சில மாதங்களில் வரும் நெஞ்செரிச்சலைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். வீக்கம் வடிய நாளாகும், பலருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது, கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்துவது ஆகியவை உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும்.

எரிச்சல் இல்லாதவர்களும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்லீவ் அல்லது மினி பைபாஸ் செய்தவர்கள் ஓராண்டு முடிந்ததும் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எடைக்குறைப்பு அறுவை நிபுணர்களின் சர்வதேசக் கூட்டமைப்பின் பரிந்துரை. விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் சிக்கினாலோ, படுத்ததும் நீர் மூச்சுக்குழாயில் ஏறிப் புரையேறி விழித்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கிளம்பிப் போய்விடுங்கள்.